ஃப்ரீசரில் ஒரு பாட்டில்

உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டு ஃப்ரீசரில், ஐஸ் தட்டுக்குப் பின்னால், பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர். உள்ளே நிகோடின் கரைசல். உங்கள் சம்பளத்தில் வாங்கியது. உங்கள் உபயோகத்துக்கு மட்டும். யாருக்கும் விற்கப்போவதில்லை, ஓசியில்கூடக் கொடுக்கப்போவதில்லை. இது உங்கள் சொந்த விஷயம்தானே? இதில் மூக்கை நுழைக்க யாருக்காவது உரிமை உண்டா?

'என்ன சார் விபரீதக் கற்பனை, எங்க வீட்டு ஃப்ரீசர்ல வஞ்சிர மீனும் பட்டாணியும்தான் இருக்கு' என்பீர்கள். ரொம்ப நல்லது, அப்படியே இருக்கட்டும். ஆனால் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இது கற்பனை இல்லை.

வேப்பிங் கேள்விப்பட்டிருப்பீர்கள். (வேப்பிலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) புகையிலையை எரித்துப் புகையை இழுப்பதற்குப் பதில், நிகோடின் கலந்த திரவத்தை பேட்டரியால் சூடாக்கி ஆவியை இழுப்பது. 2003-ல் ஹோன் லிக் என்ற சீன மருந்தாளுநர் இன்றைய வடிவத்துக்கு வழி செய்தார். அவர் அப்பா நுரையீரல் புற்றுநோயில் போனவர். மகனும் விடாமல் ஊதிக்கொண்டிருந்தவர். கண்டுபிடிப்புக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அந்தத் திரவத்தில் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. நாலே சமாசாரம். புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், ஏதாவது ஒரு வாசனை எசென்ஸ், நிகோடின். கடையில் ரெடிமேடாகக் கிடைப்பதை விட்டுவிட்டு, இந்த நாலையும் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே கலந்துகொள்ளும் ஒரு கூட்டம் உண்டு. பாக்கெட் மாவு வாங்குவதற்கும் வீட்டில் அரைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். செலவு ரொம்பக் கம்மி. கூடவே, நம் கைப்பக்குவம் என்கிற பெருமை. கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் தராசு, சிரிஞ்சு, கையுறை எல்லாம் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கலந்ததை ஒரு வாரம், இரண்டு வாரம் இருட்டில் ஊறப்போடுகிறார்கள். ஆவக்காய் போட்ட மாமி ஜாடியை எட்டிப் பார்ப்பதுபோல் நடுநடுவே முகர்ந்தும் பார்க்கிறார்கள்.

இந்தியாவில் 2019-ல் சட்டம் போட்டு ஈ-சிகரெட் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, இருப்பு வைத்தல் எல்லாவற்றையும் தடை செய்தார்கள். ஆகவே செய்முறை கேட்டு யாரும் லெட்டர் போட வேண்டாம். எனக்கு அந்த நாலாவது சரக்கைப் பற்றியும், அதை வீட்டில் வைத்திருக்கிற மனிதரைப் பற்றியும்தான் பேச்சு.

நிகோடினைத் தனியாகப் பிரித்தது 1828-ல், ஹைடல்பெர்க்கில், பொசெல்ட், ரைமான் என்ற இருவர். சுத்தமாக இருந்தால் நிறமில்லாத எண்ணெய். காற்றும் வெளிச்சமும் பட்டால் பழுப்பாகி, கெட்டுப்போகும். அதனால்தான் ஃப்ரீசர், அதனால்தான் பழுப்புக் கண்ணாடி. விவரம் தெரிந்தவர்கள் வாங்கிய பெரிய பாட்டிலை அப்படியே வைப்பதில்லை. சின்னச் சின்ன பாட்டில்களில் கழுத்துவரை ஊற்றி, உள்ளே காற்றே இல்லாதபடி மூடி வைக்கிறார்கள். புரொப்பிலீன் கிளைக்காலில் கரைத்த நிகோடின் ஃப்ரீசர் குளிரில் உறையாது, கொஞ்சம் கெட்டியாகும், அவ்வளவுதான். வருஷக்கணக்கில் தாங்கும் என்கிறார்கள்.

ஏன் வருஷக்கணக்கில்? இங்கேதான் அரசாங்கங்கள் வருகின்றன.

அமெரிக்காவில் 2016 ஆகஸ்டில் ஈ-சிகரெட்டையும் அதன் திரவத்தையும் உணவு, மருந்து நிர்வாகம் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 'அடுத்து நிகோடினை விற்கவே விடமாட்டார்கள்' என்று பயந்து பலர் லிட்டர் லிட்டராக வாங்கி ஃப்ரீசரில் அடைத்தார்கள். ஐரோப்பாவில் வேறு கூத்து. 2016 மே முதல் அமலுக்கு வந்த விதிப்படி ஒரு மில்லிலிட்டரில் 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோடின் கூடாது. பாட்டில் 10 மில்லிலிட்டரைத் தாண்டக் கூடாது. நல்ல எண்ணம்தான். ஆனால் நிகோடினே இல்லாத திரவத்துக்கு இந்த விதி கிடையாதே! இங்கிலாந்துக் கடைகளில் என்ன செய்தார்கள் தெரியுமா? 60 மில்லி பாட்டிலில் 50 மில்லி நிகோடின் இல்லாத திரவம், மேலே 10 மில்லி காலியிடம். பக்கத்திலேயே மில்லிக்கு 18 மில்லிகிராம் வீரியமுள்ள 10 மில்லி நிகோடின் புட்டி. வீட்டுக்குப் போய் ஊற்றிக் குலுக்கினால் 60 மில்லி ரெடி, மில்லிக்கு 3 மில்லிகிராம். சட்டத்தில் ஒரு கமா கூட மீறப்படவில்லை. ஆபத்தைக் குறைக்க வந்த விதி, கலக்கும் வேலையைத் தொழிற்சாலையிலிருந்து தூக்கி வீட்டுச் சமையலறை மேடையில் வைத்துவிட்டது.

இப்போது நம் பாட்டில். ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் என்பது அமெரிக்காவில் சகஜமாக விற்ற வீரியம். அப்படியானால் ஒரு லிட்டரில் 100 கிராம் நிகோடின். எத்தனை சாப்பிட்டால் ஆள் காலி என்பதற்குப் புத்தகங்களில் வெகுகாலமாக 60 மில்லிகிராம் என்று எழுதி வந்தார்கள். 2014-ல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து மருந்தியல் பேராசிரியர் பெர்ன்ட் மேயர் இந்த எண் எங்கிருந்து வந்தது என்று நோண்டிக்கொண்டே போனார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிலர் தங்கள்மேலேயே செய்துகொண்ட சந்தேகாஸ்பதமான பரிசோதனைகளில் போய் நின்றது. ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடித்தே நூறு வருஷம் ஓட்டியிருக்கிறார்கள்! மேயரின் கணக்குப்படி அரை கிராமுக்கு மேல் வேண்டும். நிம்மதிப் பெருமூச்சு விடாதீர்கள். நம் பாட்டிலிலிருந்து அரை கிராம் என்பது ஐந்து மில்லி. ஒரு டீஸ்பூன். அதுவும் வளர்ந்த ஆளுக்கு. கையில் கொட்டினால் தோல் வழியாகவும் ஏறும்.

'சரி, என் டீஸ்பூன், என் உயிர். உங்களுக்கு என்ன?' என்று பாட்டில்காரர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். தத்துவத்தில் இந்தக் கட்சிக்குப் பெரிய வக்கீல் ஜான் ஸ்டூவர்ட் மில். நமக்குத் தூரத்து உறவு: லண்டன் கிழக்கிந்தியக் கம்பெனி ஆபீஸில் 35 வருஷம் குமாஸ்தாவாக ஆரம்பித்து உயர்ந்த உத்தியோகம் வரை பார்த்தவர், இந்தியாவை எட்டிக்கூடப் பார்க்காமலே இந்தியாவுக்கு லெட்டர் எழுதியவர். 1859-ல் அவர் வெளியிட்ட 'ஆன் லிபர்ட்டி'யின் சாரம் இதுதான்: ஒருவன் தனக்குத்தானே செய்துகொள்ளும் கேட்டைத் தடுக்க அரசுக்கோ ஊருக்கோ அதிகாரமில்லை. புத்திமதி சொல்லலாம், கெஞ்சலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. அடுத்தவனுக்குக் கேடு வரும்போதுதான் குறுக்கே வரலாம்.

பலர் இதோடு மில்லை மூடி வைத்துவிடுகிறார்கள். கடைசி அத்தியாயம் வரை போனால் அவரே விஷத்தைப் பற்றிப் பேசுகிறார். விஷம் விற்பதைத் தடை செய்யலாமா? கூடாது என்கிறார், ஏனென்றால் விஷத்துக்கு நியாயமான உபயோகங்களும் உண்டு. ஆனால் பாட்டிலின்மேல் 'விஷம்' என்று எழுதச் சொல்லிச் சட்டம் போட்டால் அது சுதந்திரத்தில் கைவைப்பது ஆகாது. தான் வாங்குவது விஷம் என்று தெரியாமலிருக்க எவனும் விரும்பமாட்டான் அல்லவா? விற்பவர் ஒரு நோட்டில் வாங்கியவர் பெயர், விலாசம், அளவு, தேதி, எதற்கு என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளச் சொல்வதற்கும் அவர் ஓகே சொல்கிறார்.

மில் சும்மா அறையில் உட்கார்ந்து விஷத்தை உதாரணம் காட்டவில்லை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆர்சனிக் என்பது எலிக்கும் ஈக்கும் மளிகைச் சரக்குபோல வாங்கும் பொருள். வெள்ளைவெளேர் என்று சர்க்கரை மாதிரி இருக்கும். 1851-ல் ஒரு சட்டம் போட்டு, சில்லறையில் விற்கும் ஆர்சனிக்கில் புகைக்கரியோ அவுரி நீலமோ கலக்க வேண்டும் என்றார்கள். எவ்வளவு அழகான யோசனை பாருங்கள்! எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் நிறம் தெரியும்.

ஆனால் 1858 அக்டோபர் கடைசியில், பிராட்ஃபோர்டில் என்ன நடந்தது? அங்கே மிட்டாய்க்காரர்கள் விலை ஜாஸ்தியான சர்க்கரையோடு 'டாஃப்ட்' என்ற சுண்ணாம்புப் பொடி போன்ற ஒன்றைக் கலப்படம் செய்வது வழக்கம். அதை வாங்க ஆள் வந்தபோது மருந்துக்கடைக்காரர் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தார். 'மாடியில் மூலையில் பீப்பாய் இருக்கிறது, அதிலிருந்து கொடு' என்று வேலைக்குப் புதுசாக வந்த பையனிடம் சொன்னார். மூலையில் இருந்த பீப்பாய்கள் ஒன்றல்ல. பையன் அள்ளிக் கொடுத்தது 12 பவுண்டு ஆர்சனிக். அதில் நிறமும் இல்லை, பீப்பாயின்மேல் கண்ணில் படுகிற எழுத்தும் இல்லை. பெப்பர்மிண்ட் மிட்டாய் சந்தையில் விற்றுப்போனது. சுமார் 20 பேர் செத்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. இருநூறு பேருக்கு மேல் படுத்தார்கள். வழக்கு நடந்தது. கடைசியில் யாருக்கும் தண்டனை இல்லை.

யாரை உள்ளே போடுவீர்கள், சொல்லுங்கள்? பையன் சொன்னபடி செய்தான். முதலாளி படுக்கையில் கிடந்தார். கொல்ல வேண்டும் என்று ஒருவர் மனதிலும் இல்லை. குற்றம் ஒன்று உண்டென்றால், அது அந்த சனிக்கிழமைக்கு ரொம்ப முன்னால், ஏதோ ஒரு சாதாரண நாளில், பீப்பாயை மூலையில் உருட்டி வைத்துவிட்டு 'நமக்குத்தான் தெரியுமே' என்று கீழே இறங்கி வந்த அந்த நிமிஷத்தில் இருக்கிறது.

நம் பாட்டில்காரரும் அதே மாடியில்தான் நிற்கிறார். நிகோடினை இழுப்பது அவர் சொந்த விஷயம் என்பதை நான் ஒப்புக்கொள்ளத் தயார். வைத்திருப்பது? இழுக்கும்போது அவர் தனியாள். வைத்திருக்கும்போது அந்த ஃப்ரீசரைத் திறக்கிற அத்தனை பேரும் அவருடைய பங்குதாரர்கள், அவர்களைக் கேட்காமலே. வேப்பிங்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள், இரண்டாவதை யாரும் சீண்டுவதில்லை என்பது என் வருத்தம்.

2014 டிசம்பரில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை ஒன்று திரவ நிகோடினை வாயில் வைத்து இறந்தது. அதற்குப் பிறகு 2016 ஜனவரியில் சட்டம் வந்தது: நிகோடின் திரவத்தைக் குழந்தைகள் திறக்க முடியாத மூடியோடுதான் விற்க வேண்டும். ஆனால் இந்தச் சட்டம் கவனிப்பது விற்கிற பாட்டிலை. அதை வீட்டில் பத்து சின்ன பாட்டில்களாகப் பிரித்து ஊற்றினால்? அந்தப் பத்துக்கும் சட்டத்தின் மூடி கிடையாது. அச்சடித்த மண்டையோடு கிடையாது. மார்க்கர் பேனாவில் எழுதியது ஃப்ரீசர் ஈரத்தில் வழிந்து அழிகிறது. அதிலும் கலந்து முடித்த திரவத்தின் வாசனை இருக்கிறதே, ஸ்ட்ராபெர்ரி, மாம்பழம், கஸ்டர்ட்!

2018-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடந்தது இன்னும் நேரடியானது. வெளிநாட்டிலிருந்து தருவித்த வீரியமான நிகோடினை ஒரு தாய் வீட்டில் கலப்பதற்கு வைத்திருந்தார். இரண்டு வயதுகூட ஆகாத மகன். கவனம் சிதறிய சில நொடிகள்தான். அடுத்த வருஷம் மரண விசாரணை அதிகாரி இதை வெளியிட்டு எச்சரித்தார். அந்தத் தாயின் பெயர் நமக்கு வேண்டாம். அவர் நம் எல்லோரையும்போலத் தன் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்தான். நம்மூரிலும் கூல்டிரிங் பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றி மூலையில் வைத்தவர்கள் யாரும் ராட்சசர்கள் இல்லை.

வைப்பதற்கு முன்னால் வாங்குவது இருக்கிறது. அதிலும் ஒரு தர்மசங்கடம். வீட்டில் கலப்பவர் எசென்ஸ் பாட்டிலைப் பார்க்கிறார், 'உணவுத் தரம்' என்று போட்டிருக்கிறது. திருப்தி. ஆனால் வயிறு வேறு, நுரையீரல் வேறு. 2000-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஜாஸ்பர் என்ற ஊரில், பாப்கார்ன் தொழிற்சாலையில் வேலை பார்த்த எட்டு பேருக்கு மூச்சுக் குழாய்கள் தழும்பேறி அடைக்கும் அபூர்வ வியாதி இருப்பது தெரிந்தது. காரணம் டையசிட்டைல், வெண்ணெய் வாசனைக்குச் சேர்க்கிற பொருள். தின்றவர்களுக்கு ஒன்றுமில்லை. வருஷக்கணக்கில் அதன் ஆவியை முகர்ந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 2019-ல் இன்னொரு கதை: கஞ்சாச் சத்து கலந்த வேப்பிங் திரவத்தைக் கெட்டியாகக் காட்டுவதற்கு, தோல் கிரீமில் போடும் வைட்டமின் ஈ அசிட்டேட்டைக் கள்ளத்தனமாகக் கலந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் அமெரிக்காவில் 2,807 பேர் நுரையீரல் பாதித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள்.

புரொப்பிலீன் கிளைக்கால் நமக்கு அந்நியமான பெயர் இல்லை. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்து இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்களே, அந்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. மருந்துத் தரமில்லாத புரொப்பிலீன் கிளைக்காலை வாங்கிப் போட்டதாகத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சொன்னார்கள். சோதித்த மருந்தில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவிகிதம். இரண்டும் நிறமில்லாதவை, வாசனை இல்லாதவை, லேசான இனிப்பு. நாக்கால் பிரித்தறிய முடியாது. லைசென்சும் பரிசோதனைக்கூடமும் வைத்திருக்க வேண்டிய இடத்திலேயே இப்படி என்றால், சமையலறையில் தராசோடு உட்கார்ந்திருப்பவர் எதை நம்புகிறார்? லேபிளை ஒட்டிய முகம் தெரியாத ஒருவரின் நாணயத்தை. பெரிய பீப்பாயிலிருந்து சின்னக் கேனுக்கு மாற்றி ஒட்டியவர் அவர். பாட்டில்காரர் இன்னும் சின்ன பாட்டிலுக்கு மாற்றி, தன் வீட்டாருக்கு அதே முகம் தெரியாத ஆளாகிறார்.

பாட்டில்காரரை வில்லனாக்கிவிட்டேன் என்று தோன்றுகிறதா? அவர் பக்கம் வலுவான நியாயம் ஒன்று இருக்கிறது. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2016-ல் சொன்னது: வேப்பிங்கின் நீண்டகாலக் கேடு, சிகரெட் தரும் கேட்டில் 5 சதவிகிதத்தைத் தாண்ட வாய்ப்பில்லை. இதை ஒப்பாத நிபுணர்களும் உண்டு, இருக்கட்டும். தானே கலப்பவருக்கு இன்னொரு சௌகரியம், வீரியத்தைத் தானே இறக்கலாம். 12 மில்லிகிராமில் ஆரம்பித்து 6, அப்புறம் 3, அப்புறம் ஒன்றரை, ஒருநாள் வெறும் வாசனை. சிகரெட் பாக்கெட்டில் இப்படி ஒரு குமிழ் கிடையாது. அந்தக் குமிழை நிஜமாகவே கீழ்ப்பக்கம் திருகுகிறவருக்கு என் மரியாதை உண்டு.

ஆனால் ஒரு லிட்டர் எதற்கு? கணக்குப் போடுங்கள். மில்லிக்கு 3 மில்லிகிராம் என்று கலந்தால் அந்த லிட்டரிலிருந்து 33 லிட்டர் திரவம் வரும். நாளைக்கு 5 மில்லி இழுப்பவருக்கு 18 வருஷத்துக்குக் காணும். அடுத்த மாசம் விட்டுவிடுவேன் என்று சொல்கிறவர் 18 வருஷச் சரக்கை ஃப்ரீசரில் அடுக்குகிறார்! மில் அதே அத்தியாயத்தில் இன்னொரு இடத்தில் ஒரு மனிதன் தன்னையே அடிமையாக விற்று எழுதிக்கொடுக்கலாமா என்று கேட்டு, முடியாது என்கிறார். சுதந்திரத்தின் பெயரால் சுதந்திரத்தையே விட்டுக்கொடுக்க முடியாது என்பது அவர் வாதம். நிகோடின் பாட்டிலை அடிமைச் சாசனம் என்று சொல்வது கொஞ்சம் ஓவர்தான். இருந்தாலும் 18 வருஷம் கழித்து அதைத் திறக்கப்போகிற அந்த நரைத்த மனிதரையும் அவர் இன்றைக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சட்டம் பயமுறுத்தியதால்தானே வாங்கி வைத்தார் என்பீர்கள். வாஸ்தவம். தடை வரும் என்றால் பதுக்கல் வரும், அரிசியானாலும் நிகோடினானாலும். அந்தப் பயத்தில் அரசாங்கங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஃப்ரீசரின் எந்தத் தட்டில் வைப்பது என்று எந்த அரசாங்கமும் சொல்லவில்லை. பூட்டுள்ள சின்ன இரும்புப் பெட்டி ஒன்று வாங்கி அதற்குள் வைத்து, பெட்டியை ஃப்ரீசரில் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். சாப்பாடு வைக்காத தனி ஃப்ரீசரே வாங்குகிறவர்கள் உண்டு. பத்து பாட்டிலிலும் ஈரத்தில் அழியாத தாளில் வீரியம், தேதி, 'விஷம்' மூன்றையும் அச்சடித்து, மேலே ஒளிபுகும் டேப் சுற்றி ஒட்டுகிறவர்கள் உண்டு. மொத்தமாக அரை மணி நேர வேலை.

எந்த மொழியில் ஒட்டுவது என்று ஒரு கேள்வி பாக்கி. நியூஜெர்சியில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒரு பையனை வைத்துக்கொள்ளுங்கள். பேரனைப் பார்த்துக்கொள்ள ஆறு மாச விசாவில் கும்பகோணத்திலிருந்து அம்மா வந்திருக்கிறார். இங்கிலீஷ் படிக்க வராது. மத்தியானம் துவையலுக்குத் துருவிய தேங்காய் தேடி ஃப்ரீசரைத் திறக்கிறார். பேரன் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறான். கண்ணில் படுவது எசென்ஸ் பாட்டில் மாதிரி ஒன்று, மூடியை முகர்ந்தால் மாம்பழ வாசனை. பையன் ஆபீஸில் மீட்டிங்கில் இருக்கிறான். லேபிளில் அழகான ஆங்கிலத்தில் எல்லா எச்சரிக்கையும் இருக்கிறது.